அப்பாவோட கவர் கடையும் ஒரு பிளாஸ்டிக் ரோடும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே வைக்கப்பட்டுள்ளது.)

பஸ்ல ஜன்னலோர சீட்டு கிடைச்சவங்க, கிடைக்காம நின்னுக்கிட்டே வர்றவங்க, பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. "சர்குலர் எகானமி, சுழற்சிப் பொருளாதாரம்னு எல்லாரும் பேசுறாங்க. சின்னதா ஒரு கடையோ கிளவுட் கிச்சனோ வச்சிருக்கிற ஆளு உண்மையிலேயே என்ன பண்ண முடியும்? அதுக்குப் பெரிய மெஷின் வாங்கணுமா?"

இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் சாப்பிட்ட சோறு, படிச்ச படிப்பு எல்லாமே பிளாஸ்டிக் கவர் வித்த காசுல வந்தது. மதுரையில கீழமாசி வீதியை ஒட்டின ஒரு சந்துல எங்க அப்பா கவர் கடை வச்சிருந்தார். ஹெச்எம் கவர், எல்டி கவர், பிபி கவர், சாம்பார் பார்சல் கவர், டீ வாங்கிட்டுப் போற கவர், இலைக்குப் பதிலா விரிக்கிற பேப்பர் ரோல், எல்லாம் கிலோ கணக்குல. காலையில 8 மணிக்குக் கடை திறந்தா முதல்ல வர்றது இட்லிக் கடைக்காரங்கதான். அதனால இன்னைக்கு நான் பேசப்போறது வெளியில நின்னு குத்தம் சொல்றவனோட பேச்சு இல்ல. விஷயத்துக்குப் போவோம்.

கடைச் சுவத்துல ஒட்டின பேப்பர் கட்டிங்

எங்க கடைக் கல்லாவுக்கு மேல ஒரு சாமி படம், ஒரு காலண்டர், அதுக்குப் பக்கத்துல மஞ்சளாகிப் போன ஒரு பேப்பர் கட்டிங். அதுல ஒரு பேராசிரியரோட படம். பேரு ராஜகோபாலன் வாசுதேவன். திருப்பரங்குன்றத்துல இருக்கிற தியாகராசர் பொறியியல் கல்லூரியில வேதியியல் பேராசிரியர். பிளாஸ்டிக் குப்பையை வச்சு ரோடு போடற முறையைக் கண்டுபிடிச்சவர். 2018-ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

எங்க அப்பாவுக்கு அவர் கிட்டத்தட்ட குலசாமி மாதிரி. காரணம் சிம்பிள். ஊரே பிளாஸ்டிக்கை வில்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தப்போ, "இதுலயும் உபயோகம் இருக்கு"ன்னு நம்ம ஊர்லயே ஒரு வாத்தியார் செஞ்சு காட்டிட்டார். யாராவது கடைக்கு வந்து "என்னண்ணே, ஊரைக் கெடுக்கிற வியாபாரம் பண்றீங்க"ன்னு கிண்டல் பண்ணா, அப்பா வாயே திறக்க மாட்டார். விரலை மட்டும் அந்த கட்டிங் பக்கம் நீட்டுவார்.

அவர் செஞ்சது என்னன்னு கொஞ்சம் விளக்கமாப் பார்க்கலாம். ஏன்னா இன்னைக்குப் பேசப்போற எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை.

தார் ரோடு எப்படிப் போடுவாங்க? ஜல்லியை ஒரு பெரிய உருளையில போட்டுச் சூடாக்குவாங்க. அதுல உருக்கின தாரை ஊத்திக் கலப்பாங்க. சூடு ஆறுறதுக்குள்ள லாரியில கொண்டு போய்க் கொட்டி, ரோலர் விட்டு அழுத்துவாங்க. பிளாஸ்டிக்கை ரோட்டுல சேர்க்கணும்னு நினைச்சா யாருக்கும் முதல்ல தோணுறது என்ன? அதை உருக்கித் தாரோட கலக்குறது. ஆனா அது சுலபமா சேராது. அதைச் சேர்க்கத் தனி மெஷின் வேணும், கொஞ்ச அளவுதான் கலக்க முடியும்.

வாசுதேவன் சார் வரிசையை மாத்தினார். பிளாஸ்டிக்கைச் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிசா வெட்டி, சுமார் 160, 170 டிகிரி சூட்டுல இருக்கிற ஜல்லி மேல முதல்ல தூவுறாங்க. அந்தச் சூட்டுல பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் மாதிரி ரகங்கள் இளகி, ஒரு நிமிஷத்துக்குள்ள ஜல்லியைச் சுத்தி மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்குது. அதுக்கப்புறம்தான் தார். பிளாஸ்டிக் தோல் போத்தின ஜல்லி தண்ணியை அவ்வளவா உறிஞ்சாது, தாரையும் கெட்டியாப் பிடிச்சுக்கும். மழையில தண்ணி உள்ள இறங்கி ஜல்லியும் தாரும் பிரியறதாலதானே குழி விழுது? அது குறையுது.

ஒரு கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலத்துல ஒரு ரோட்டுக்கு இப்படிச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் போகும். கிட்டத்தட்ட அதே அளவு தார் மிச்சம். 1 டன்னுங்கிறது ஏறக்குறைய 10 லட்சம் கேரி பேக். பிவிசியை மட்டும் சேர்க்கவே கூடாது, அதுல குளோரின் இருக்கு, சூடாக்கினா நச்சு வாயு வரும்.

2002-ல கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இந்த முறையில முதல் ரோடு போட்டாங்க. 2006-ல கல்லூரிக்குக் காப்புரிமை கிடைச்சது. 2013-ல இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதுக்கு வழிகாட்டு விதி போட்டது. 2015 நவம்பர்ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 5 லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கிற நகரங்களைச் சுத்தி 50 கிலோமீட்டருக்குள்ள தார் ரோடு போட்டா பிளாஸ்டிக் கழிவைச் சேர்க்கணும்னு உத்தரவு போட்டது. மதுரையை எடுத்துக்கிட்டா திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எல்லாம் அந்த வட்டத்துக்குள்ள வந்துடும்.

தொழில் பண்றவங்க இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்த முறைக்காக யாரும் புது ஃபாக்டரி கட்டல. ரோடு கான்ட்ராக்டர்கிட்ட ஏற்கெனவே இருக்கிற அதே பிளான்ட், அதே ரோலர், அதே ஆளுங்க. புதுசா வந்தது பிளாஸ்டிக்கை வெட்டுற மெஷினும் அந்த வரிசை மாற்றமும்தான். புது டெக்னாலஜி ஒரு சின்னத் தொழிலுக்குள்ள வரணும்னா, அங்க ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிற வேலைக்குள்ள அது பொருந்தணும். மூணு ஊர் தாண்டிப் பரவறதுக்கு அதுதான் காரணம்.

2019 ஜனவரி 1

இப்ப எங்க வீட்டுக் கதை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு தடைன்னு 2018 ஜூன்ல அறிவிப்பு வந்துச்சு. 2019 ஜனவரி 1 முதல் அமல். தடிமன் எவ்வளவா இருந்தாலும் கேரி பேக் கூடாது. டீ கப், ஸ்ட்ரா, தண்ணி பாக்கெட், சாப்பாட்டுக்கு விரிக்கிற ஷீட், எல்லாம் அந்த லிஸ்ட்ல. எங்க கடையோட முக்கால்வாசி சரக்கு அந்த லிஸ்ட்ல இருந்தது.

ஆறு மாசம் டைம் இருந்துச்சே, அப்பா ஏன் தயாராகலன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். "அதெல்லாம் வராதுடா. வந்தாலும் ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் அவய்ங்களே விட்ருவாய்ங்க"ன்னார். வந்துச்சு. விடல.

சில பேர் கடைக்குப் பின்னாடி மறைச்சு வச்சு வித்தாங்க. அப்பா அதைச் செய்யல. வீம்பு பிடிச்ச மனுஷன், ஜனவரி 1 காலையில கவர் எல்லாத்தையும் எடுத்து கோடவுன்ல போட்டுப் பூட்டிட்டார். அதுக்குப் பதிலா துணி மாதிரியே இருக்கிற நான் ஓவன் பை கொஞ்சம் வாங்கிப் போட்டார். அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுவும் தடை லிஸ்ட்ல இருக்கு. பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அதுவும் பிளாஸ்டிக்தான், பாலிபுரோப்பிலீன்.

அந்தப் பொங்கலுக்கு நான் சென்னையில இருந்து ஊருக்குப் போயிருந்தேன். அப்ப ஐடி வேலையில இருந்தேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு, திண்ணையில உக்காந்து அப்பா கேட்டார்:

"ஏம்ப்பா, அந்த வாத்தியாருதான் பிளாஸ்டிக்ல ரோடு போடலாம்னு சொல்லிட்டாருல்ல? அம்புட்டுக் கவரையும் ரோட்டுல போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? அப்புறம் எதுக்கு எங்க கடையை மூடச் சொல்றாய்ங்க?"

என்கிட்ட பதில் இல்ல. "கவர்ன்மென்ட் ரூல்ப்பா"ன்னு ஏதோ மழுப்பிட்டுப் போன் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. யோசிச்சுப் பார்த்தா சர்குலர் எகானமில இருக்கிற முக்கியமான கேள்வியே அதுதான். கடைசியில ஏதோ ஒரு இடத்துல அதை உபயோகப்படுத்திக்கலாம்னா, அப்புறம் எவ்வளவு வேணாலும் தயாரிக்கலாமா?

ரோடு கடைசிக் கதவு

இப்ப எனக்குத் தெரிஞ்ச பதிலைச் சொல்றேன். ஒரு பொருள் வட்டத்துல சுத்துதுன்னா, அது திரும்ப அதே பொருளாவோ, அதே மதிப்புள்ள வேற பொருளாவோ வரணும். கவர் ரோட்டுக்குள்ள போயிடுச்சுன்னா அது திரும்பக் கவரா வராது. ரோடு பழசானதும் அந்த மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்து, புது ரோட்டுக்குள்ள கலக்குற தொழில்நுட்பம் இருக்கு. ஆனா அந்த பிளாஸ்டிக்கைத் தனியாப் பிரிச்சு எடுக்க முடியாது. ரோடு தேயும்போது நுண்பிளாஸ்டிக் துகள் எவ்வளவு வெளிய வருதுன்னும் ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

நம்ம நாட்டுச் சட்டமே இதைத் தெளிவாச் சொல்லுது. 2022 பிப்ரவரியில பிளாஸ்டிக் பேக்கேஜிங்குக்கு இபிஆர் வழிகாட்டு விதிகள் வந்துச்சு. உற்பத்தி பண்றவங்களே கழிவுக்கும் பொறுப்புன்னு சொல்ற விதி அது. அதுல முதல்ல மறுபயன்பாடு, அடுத்து மறுசுழற்சி. மறுசுழற்சி செய்யவே முடியாதது மட்டும்தான் ரோடு போடறதுக்கும் சிமென்ட் சூளைக்கும் போகலாம். அதாவது அப்பாவோட குலசாமி கடைசிக் கதவுல நிக்குது. அந்தக் கதவு ரொம்பத் தேவை. அது இல்லன்னா வெள்ளக்கல் குப்பைமேட்டுலதான் போய் விழணும், இல்லன்னா வைகையில. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு கதவு இருக்கு. நம்ம மாதிரித் தொழில் பண்றவங்களுக்கு வேலை இருக்கிறது அங்கதான்.

முதல் கதவு: பாத்திரம் திரும்பி வரணும்

இது நமக்குப் புதுசு இல்ல. கோலி சோடா பாட்டில் கடைக்கே திரும்பிப் போனது. ஹோட்டலுக்குத் தூக்குவாளி எடுத்துட்டுப் போய் சாம்பார் வாங்கினது நம்ம அப்பா அம்மா காலம்தான். அந்தப் பழக்கம் போனதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல. கவர் ஓசியாக் கிடைச்சது. ஓசியாக் கிடைக்கிற பொருள் திரும்பி வராது.

இதைச் சரிபண்ண ஒரு வழி இருக்குன்னு தமிழ்நாட்டுல நிரூபிச்சது யாரு தெரியுமா? சிரிக்காதீங்க, டாஸ்மாக். நீலகிரி காட்டுல காலி பாட்டில் குத்தி யானைங்க காயம்படுதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு விஷயம் போச்சு. அதுக்கப்புறம் 2022-ல அங்க ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குவாங்க. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். எந்தக் கடை பாட்டில்னு அடையாளத்துக்கு ஸ்டிக்கர். பாட்டில் பெரும்பாலும் திரும்பி வந்துச்சு. அப்புறம் மத்த மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் போச்சு. குடிக்கிறவர் போடாம விட்ட பாட்டிலையும் வேற யாராவது எடுத்துட்டு வந்து கொடுத்துடறாங்க, ஏன்னா அதுல 10 ரூபாய் இருக்கு.

நீங்க டிபன் டெலிவரி பண்றீங்கன்னு வச்சுக்குவோம். தினமும் அதே ஆபீஸ், அதே ஹாஸ்டல். அங்க எவர்சில்வர் டப்பாவுக்கு ஒரு டெபாசிட், டப்பா அடியில ஒரு கியூஆர் கோடு, போன்ல ஸ்கேன் பண்ணா எந்த டப்பா யார்கிட்ட இருக்குன்னு தெரியும். மெஷின் எதுவும் வேண்டாம். ஆனா ஒரே தடவை வந்துட்டுப் போற டூரிஸ்ட்டுக்கு இது வேலைக்கு ஆகாது. திரும்பி வர்ற ஆளு யாருன்னு முதல்ல பாருங்க, அங்க ஆரம்பிங்க.

மஞ்சப்பையும் இந்தக் கதவுதான். 2021 டிசம்பர்ல அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பிச்சது. 10 ரூபாய் போட்டா பை வர்ற மெஷின்கூட கோயம்பேட்டுல வச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா துணிப்பை செய்யவும் பருத்தி, தண்ணி, சாயம் எல்லாம் ஆகுது. வீட்டுல முப்பது மஞ்சப்பை மடிச்சு வச்சுட்டு, கடையில முப்பத்தொண்ணாவது வாங்கினா அது சுத்துற வட்டம் இல்ல.

ரெண்டாவது கதவு: ரகம் பிரிக்கிறது

இப்ப எங்க கோடவுனுக்குத் திரும்பி வருவோம். பூட்டின சரக்கை என்ன பண்றதுன்னு தெரியாம, கடைசியில அப்பா அதை ஒரு மறுசுழற்சி யூனிட்டுக்குக் கிலோ கணக்குல கொடுத்தார். வாங்கின விலையில ஒரு பங்குகூடத் தேறல. ஆனா எடுக்க வந்த ஆளு போற போக்குல ஒரு வார்த்தை சொன்னார். "அண்ணே, இது மாதிரி சுத்தமா, ஒரே ரகமா வந்துச்சுன்னா எம்புட்டு வேணாலும் எடுத்துக்குவோம். எங்களுக்கு வர்றது எல்லாம் குழம்பு ஊத்தினதுதான்."

அப்பா அன்னைக்கு அதைக் காதுல போட்டுக்கல. ஒண்ணரை வருஷம் பேப்பர் கவர், துணிப்பைன்னு வித்துப் பார்த்தார். வாடகைக்கே திண்டாட்டம். 2020 லாக்டவுன்ல நான் வொர்க் ஃப்ரம் ஹோம்னு மதுரைக்கு வந்தேன். அப்பா கடையை ஒப்படைச்சுடலாம்னு முடிவுல இருந்தார். அப்பதான் அந்த ஆளு சொன்னதை அவரே ஞாபகப்படுத்தினார்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளைப் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு சட்டையும் ஒரு பிபி கவருக்குள்ள வருது. மளிகை மொத்தக் கடைகள்ல அட்டைப் பெட்டியைச் சுத்தி எல்டி ஷீட். குழம்பு படாத, மண்ணு படாத பிளாஸ்டிக். சாயங்காலம் ஆனா அது எல்லாம் சாப்பாட்டுக் குப்பையோட சேர்ந்து ஒரே வண்டியில ஏறுது. ஏறின நிமிஷம் அதோட மதிப்பு போச்சு. நாங்க அதுக்கு முன்னாடியே போய் எடுத்தோம்.

முதல் லோடை நான்தான் அனுப்பினேன். ஐடில இருந்தவன் இல்லையா, பிளான் எல்லாம் பக்காவா போட்டேன். குட்டி யானை நிறைய ஏத்தி அனுப்பினா, சாயங்காலம் அதே குட்டி யானை அதே லோடோட திரும்பி வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ள பிஸ்கட் ரேப்பர், செல்லோடேப், பில் பேப்பர், டீ சிந்தின கவர். போக வர வண்டி வாடகை எங்க கைக்காசு. அப்பா ஒரு வார்த்தை திட்டல. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கோடவுன் தரையில உக்காந்தார். மூட்டையைக் கவுத்தார்.

"கண்ணால பாக்காத. கசக்கிப் பாரு. சலசலன்னா ஹெச்எம். இழுத்தா நீளுதா, எல்டி. கண்ணாடி மாதிரி மினுங்கி, கிழிச்சா சர்ருனு போகுதா, பிபி. உள்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கா, அதைத் தூரப் போடு."

முப்பது வருஷம் கவர் வித்த கை. கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பார். எந்த வாத்தியாரும் அவருக்குச் சொல்லித் தரல. அவரைப் பொறுத்தவரை அது ஒரு திறமையே இல்ல, வியாபாரம். அன்னைக்கு ராத்திரி 11 மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் தரையில உக்காந்து பிரிச்சோம். அவர்கிட்ட நான் அவ்வளவு நேரம் உக்காந்து பேசினதும் ரொம்ப வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான்.

பெரிய மறுசுழற்சி ஆலைகள்ல இதையே ஒரு சென்சார் செய்யுது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை பிளாஸ்டிக் மேல அடிச்சு, திரும்பி வர்ற ஒளியை வச்சு என்ன ரகம்னு கண்டுபிடிக்கும். பெல்ட் ஓடிக்கிட்டே இருக்கும், ரகம் தெரிஞ்சதும் காத்தை ஊதித் தனித்தனியாத் தள்ளும். ஒரு நொடிக்குள்ள வேலை முடிஞ்சுடும். ஆனா அதுக்கு ஒரு பலவீனம் இருக்கு: கறுப்பு பிளாஸ்டிக். கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கிற கரி அந்த ஒளியை விழுங்கிடும். சென்சாருக்கு அங்க எதுவுமே தெரியாது.

பிரியாணி பார்சல் வர்ற கறுப்பு டப்பாவை இப்ப நினைச்சுப் பாருங்க. கிளவுட் கிச்சன் வச்சிருக்கிற நண்பர்களே, உங்களுக்காகத்தான் இது. டப்பா ஆர்டர் போடும்போது கறுப்புக்குப் பதிலா நிறமில்லாத டப்பா கேளுங்க. மூடியும் டப்பாவும் ஒரே ரகமா இருக்கட்டும், ரெண்டும் பிபி. மேல ஒட்டுற ஸ்டிக்கர் சுலபமா உரியட்டும். உங்க செலவு பெருசா மாறாது, ஆனா அந்த டப்பாவுக்கு ரெண்டாவது கதவு திறந்துடுது.

எங்க கடையில இருக்கிற டெக்னாலஜியைக் கேட்டா சிரிப்பீங்க. ஒரு எலக்ட்ரானிக் தராசு. ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒரு கூகுள் ஷீட், அதுல தேதி, எந்தக் கடை, என்ன ரகம், எத்தனை கிலோ. எந்தக் கடையில இருந்து அழுக்கு வருதுன்னு ஷீட்டைப் பார்த்தாலே தெரியும், அங்க போய்ப் பேசுவோம். அப்புறம் கையால அழுத்திக் கட்டுற ஒரு பேலிங் பிரஸ். அது வர்றதுக்கு முன்னாடி, சொன்னா வெக்கக்கேடு, நாங்க வண்டி வாடகை கொடுத்து காத்தை ஏத்திக்கிட்டுப் போனோம்.

கம்ப்யூட்டர்ல மட்டும் சுத்துற வட்டம்

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இபிஆர் விதிப்படி மறுசுழற்சி பண்ற யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். பிராண்ட் கம்பெனிகள் அதை வாங்கித் தங்களோட கணக்கைக் காட்டும். எல்லாம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல ஆன்லைன். கேக்க அருமையா இருக்கு. ஆனா வாரியம் தணிக்கை பண்ணிப் பார்த்தா, லட்சக்கணக்குல போலிச் சான்றிதழ். பிளாஸ்டிக் வரவே இல்ல, மறுசுழற்சி ஆகவே இல்ல, ஸ்கிரீன்ல மட்டும் வட்டம் சுத்தியிருக்கு. அதனால போர்ட்டல், ஆப், கியூஆர் எது வந்தாலும், மூட்டையைத் தராசுல வைக்கிற ஆளு ஒருத்தர் இருந்தே ஆகணும். நீங்க கழிவைக் கொடுக்கிற யூனிட் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ணதான்னு கேளுங்க. ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க.

தானா மாறுமா?

"இதெல்லாம் யாராவது தானா செய்வாங்களா?"ன்னு கேட்டா, எங்க அப்பா செய்யல. தடை வந்ததாலதான் செஞ்சார். கொஞ்சம் மேற்க போய் திருப்பூரைப் பாருங்க. சாயத் தண்ணி நொய்யல்ல கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணியே விவசாயத்துக்கு உதவாமப் போச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளிய விடறதை முழுசா நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிடுச்சு. நூத்துக்கணக்கான பட்டறை நின்னுச்சு, வேலை போனவங்க பாடு சொல்ல முடியாது. அதுக்கப்புறம் சவ்வு வச்சு வடிகட்டுற ஆர்ஓ, தண்ணியை ஆவியாக்குற இயந்திரம்னு ஒண்ணொண்ணா வச்சாங்க. இன்னைக்கு அங்க பெரும்பகுதித் தண்ணி திரும்பச் சாயத் தொட்டிக்கே வருது. சாயத்துக்குப் போடற உப்பையும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துறாங்க. மின்சாரச் செலவு அதிகம், மிச்சமாகிற கலப்பு உப்பை என்ன பண்றதுங்கிற தலைவலி இன்னும் இருக்கு. ஆனாலும் ஊர் தொழில் பண்ணுது.

எங்க கதைக்கும் அதே நிலைமைதான். பழைய வியாபாரத்துல வந்ததுல பாதிகூட இப்ப வரல. வாடகை, ரெண்டு பேர் சம்பளம் போக வீட்டுக்கு ஒரு தொகை நிக்குது, அவ்வளவுதான். நான் ஐடி வேலையை விடல, விடற நிலைமையும் இல்ல. வெள்ளி மாதிரி மினுங்குற ரேப்பர் எல்லாம் தனி மூட்டையா இன்னும் சேருது. அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க. அதை மறுசுழற்சி பண்றதும் ரொம்பக் கஷ்டம். அதுக்குக் கடைசிக் கதவுதான். அதனால அந்த பேப்பர் கட்டிங் இன்னும் அதே சுவத்துலதான் இருக்கு.

போன மாசம் கடைக்கு ஒரு பையன் வந்தான். காலேஜ் புராஜெக்ட்டாம். கட்டிங்கைப் பார்த்துட்டு, "ஐயா, எல்லாத்தையும் ரோட்டுல போட்டுடலாமே?"ன்னு கேட்டான். அப்பா தலையைத் தூக்காம, கையில இருந்த கவரைக் கசக்கிக்கிட்டே சொன்னார்: "ரோட்டுல போடறதுக்குன்னு ஒரு மூட்டை இருக்குப்பா. இந்தா, இது அதுல சேராது. இதுக்கு இன்னும் உசிரு இருக்கு."

சரி மக்களே, இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. கடை, கிச்சன், ஆபீஸ் எதுவா இருந்தாலும் நாலு சாக்கு எடுத்துக்கோங்க. திரும்பப் பயன்படுத்தக்கூடியது ஒண்ணுல, சுத்தமான ஒரே ரகப் பிளாஸ்டிக் ஒண்ணுல, சாப்பாட்டுக் கழிவு ஒண்ணுல, எதுலயும் சேராதது நாலாவதுல. ஏழு நாள் கழிச்சு நாலையும் தராசுல வச்சு எடை எழுதி எனக்கு அனுப்புங்க. நாலாவது சாக்குல என்ன இருக்குன்னு ஒரு போட்டோவும் எடுங்க. அதை வாங்குறதையே எப்படி நிறுத்தலாம்னு அடுத்த எபிசோட்ல உங்க கணக்கை வச்சே பேசுவோம்.

அதுவரைக்கும், வரட்டா.